ஆத்து ஆராய்ச்சி இப்ப எந்தப் பக்கம் போயிட்டிருக்கு, ஃபீல்டு வேலைக்கு இன்னும் இடம் இருக்கா?

கேள்விய சுருக்கமா சொல்லிடறேன். ஜியாலஜி எம்.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கிறீங்க, ஆறுகள் நிலத்தை எப்படி மாத்துதுங்கறதுல பிஎச்.டி. பண்ண ஆசை, ஆனா "இனிமே எல்லாம் சாட்டிலைட்டும் மெஷின் லேர்னிங்கும்தான், ஆத்துல இறங்கி அளக்குற காலம் முடிஞ்சு போச்சு"ன்னு ஒரு சீனியர் சொல்லிட்டாரு. அது உண்மையா, இந்தத் துறை எங்க போகுதுன்னு கேக்குறீங்க. சீனியர் சொன்னதுல பாதி சரி. மீதிய கொஞ்சம் நீளமாவே சொல்றேன், நேரம் இருக்கும்போது படிங்க.

முதல்ல என் கருத்த சொல்லிடறேன். இந்தத் துறையோட கவனம் தண்ணியில இருந்து மணலுக்கும் வண்டலுக்கும் நகர்ந்துட்டு இருக்கு. எவ்வளவு தண்ணி வருது, எவ்வளவு வெள்ளம் வரும்னு கேக்குறது இன்ஜினியர் கேள்வி, அது எப்பவும் இருக்கும். இப்ப நல்ல பேப்பர் எதை எடுத்தாலும் அடியில ஒரே கேள்விதான் ஓடுது: இந்த மணல் எந்த மலையில இருந்து கிளம்புச்சு, வழியில எங்க எத்தனை ஆயிரம் வருஷம் படுத்துக் கிடந்துச்சு, யாரு அதை நிறுத்துனாங்க, விட்டா அடுத்து எங்க போகும்? இதை மனசுல வச்சுக்கிட்டா பிரிஞ்சு கிடக்குற பத்து சப்ஜெக்ட்டும் ஒண்ணா தெரியும்.

பழைய கதைய வேகமா தாண்டிடலாம். ஸ்கூல் புக்குல இளமை, முதிர்ச்சி, முதுமைன்னு ஆத்துக்கு மூணு பருவம் படிச்சிருப்பீங்க, அது வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1899 வாக்குல எழுதுன நில அரிப்புச் சுழற்சியில இருந்து வந்தது. படிக்க அழகா இருக்கும், ஆனா அதை வச்சு ஒரு ஆத்துல எதையும் அளக்க முடியாது. 1950கள்ல அமெரிக்காவுல லூனா லியோபோல்டு, கோர்டன் வோல்மன் மாதிரி ஆளுங்க வந்துதான் அகலம், ஆழம், வேகம் மூணும் தண்ணி அளவோட எப்படி கூடுதுன்னு கணக்கா பாக்க ஆரம்பிச்சாங்க. 1960ல வோல்மனும் மில்லரும் ஒரு முக்கியமான விஷயம் சொன்னாங்க, நூறு வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற பேய் வெள்ளத்தை விட, வருஷா வருஷமோ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ வர்ற நடுத்தர வெள்ளம்தான் மொத்தத்துல அதிக வண்டலை நகர்த்துதுன்னு. இன்னைக்கும் இது எந்தெந்த ஆத்துக்குப் பொருந்தும், எதுக்குப் பொருந்தாதுன்னு சண்டை ஓயல.

வோல்மன் 1954ல ஒரு முறை சொன்னாரு, கூழாங்கல் எண்றது. இதை அவசியம் ஒரு தடவ செஞ்சு பாருங்க. கல்லுத் திட்டுல குறுக்கும் நெடுக்குமா நடக்கணும், ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் கண்ணை வேற பக்கம் திருப்பிக்கிட்டு குனிஞ்சு, பூட்ஸ் முனையில விரல் எந்தக் கல்லுல முதல்ல படுதோ அதை எடுக்கணும், பிடிச்ச கல்லை எடுக்கக் கூடாது, ஏன்னா கண்ணு எப்பவும் பெரிய கல்லு பக்கம்தான் போகும். அந்தக் கல்லுக்கு நீளமும் இல்லாம தடிமனும் இல்லாம நடு அச்சு ஒண்ணு இருக்கும்ல, அதை ஸ்கேல்ல அளந்து எழுதிட்டு கல்லை தூக்கிப் போட்டுட்டு அடுத்த எட்டு. நூறு கல்லு. இதை வச்சே அந்த ஆத்துத் தரையை நகர்த்த எவ்வளவு வேகம் வேணும்னு ஓரளவு கணக்குப் போடலாம். இப்ப ட்ரோன் படம் எடுத்து சாஃப்ட்வேர்ல விட்டா ஆயிரக்கணக்குல கல்லை அளந்து தருது, அருமையான விஷயம், ஆனா அந்த சாஃப்ட்வேர் சொல்றது சரியான்னு பாக்க இன்னும் யாராவது குனிஞ்சு நூறு கல்லு எண்ணித்தான் ஆகணும். உங்க சீனியருக்கு முதல் பதில் இதுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கடந்த இருபது வருஷத்துல இந்தத் துறையையே உலுக்குன பேப்பர் எதுன்னு கேட்டா நான் 2008ல சயின்ஸ் இதழ்ல ராபர்ட் வால்டரும் டோரதி மெரிட்ஸும் எழுதுனதைச் சொல்வேன். வளைஞ்சு நெளிஞ்சு ஒரே தடமா ஓடும், ரெண்டு பக்கமும் உயரமான மண் கரை, அதுக்கு மேல சமமான வெள்ளச் சமவெளி, இதுதான் இயற்கையான ஆறுன்னு லியோபோல்டு காலத்துல இருந்து பாடம். அந்தப் பாடத்துக்கு உதாரணமா எடுத்தது அமெரிக்காவோட கிழக்குப் பக்கத்து ஓடைகள். இவங்க போய் அந்தக் கரையை வெட்டிப் பாத்தாங்க. மேல ஒண்ணுல இருந்து அஞ்சு மீட்டர் வரைக்கும் நைஸான வண்டல், அதுக்கு அடியில கறுப்பா ஒரு படிவம், உள்ள பழைய சதுப்பு நிலச் செடிகளோட விதைங்க. மேல இருக்குற வண்டல் எப்படி வந்துச்சுன்னு தேடிப் போனா, 17ஆம் நூற்றாண்டுல இருந்து 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் அங்க குடியேறுனவங்க மாவு மில்லுக்கும் மர அறுவை மில்லுக்கும் ஓடைக்கு ஓடை அணை கட்டியிருக்காங்க. 1840 சென்சஸ்ல மட்டும் 65,000த்துக்கும் மேல தண்ணியில ஓடுற மில்லு கணக்குல இருக்கு. காட்டை வெட்டி உழவு பண்ணதுல கரைஞ்ச மண்ணெல்லாம் அந்த அணைகளுக்குப் பின்னாடி தங்கிடுச்சு, அப்புறம் அணை உடைஞ்சதும் ஓடை அந்த வண்டலை அறுத்துக்கிட்டு கீழ இறங்கிடுச்சு. நாம இயற்கையான வெள்ளச் சமவெளின்னு நினைச்சது பழைய மில்லுக் குளத்தோட தரை! அதுக்கு முன்னாடி அங்க இருந்தது சின்னச் சின்னதா பிரிஞ்சு ஓடுற ஈரமான சதுப்பு நிலம்.

இது எல்லா ஊருக்கும் பொருந்தாதுன்னு உடனே மறுப்பு வந்துச்சு, அதுவும் நியாயம்தான். ஆனா கேள்வி மாறிப் போச்சு. ஆத்தை சீரமைக்கிறோம்னு சொன்னா எந்த வருஷத்து ஆத்துக்குத் திரும்பப் போறோம்? பென்சில்வேனியாவுல பிக் ஸ்பிரிங் ரன்னுன்னு ஒரு ஓடையில 2011ல அந்த வண்டலை வழிச்சு எடுத்துட்டு அடியில இருந்த பழைய சதுப்பை வெளிய கொண்டு வந்தாங்க. இப்ப "ஸ்டேஜ் ஸீரோ"ன்னு ஒரு போக்கே இருக்கு, ஒரே கால்வாயா வெட்டி விடாம, தண்ணிய பள்ளத்தாக்கு முழுக்கப் பரவ விட்டு, மரக்கட்டை, நீர்நாயை ஒத்த பீவர் கட்டுற அணை எல்லாத்தையும் சேத்து ஆத்தையே அதோட வேலையப் பாக்க விடுறது. இன்னும் நீண்ட கால டேட்டா கம்மி, அதுனாலயே ஆராய்ச்சிக்கு நல்ல இடம்.

அடுத்தது நம்ம துணைக்கண்டத்துல எல்லாரும் படிக்க வேண்டிய கேஸ், நேபாளத்துல இருந்து பீகாருக்கு இறங்குற கோசி ஆறு. 2008 ஆகஸ்ட் 18, நேபாளத்துல குசஹாங்கற இடத்துல கிழக்குக் கரை உடைஞ்சு, ஆறு தன் தடத்தை விட்டுட்டு கிழக்கே பழைய தடம் ஒண்ணுல புகுந்துடுச்சு, பீகார்ல 30 லட்சம் பேருக்கு மேல பாதிப்பு. நிறைய பேர் பெரிய வெள்ளம் வந்து உடைஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. அன்னைக்கு ஓடுன தண்ணி அந்தக் கட்டுமானம் தாங்கணும்னு டிசைன் பண்ண 9.5 லட்சம் கன அடியில அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. அப்ப ஏன் உடைஞ்சுது? 1950கள்ல இருந்து ரெண்டு பக்கமும் கரை கட்டி ஆத்தை உள்ள அடைச்சாச்சு. இமயமலையில இருந்து வர்ற வண்டல் முன்னெல்லாம் விசிறி மாதிரி ஊரெல்லாம் பரவி இறங்கும், இப்ப வெளிய போக வழியில்லாம கரைக்குள்ளயே தங்குது, வருஷா வருஷம் ஆத்துத் தரை ஏறுது, கடைசில வெளிய இருக்குற வயலை விட ஆத்தோட தரை உசரமா போயிடுச்சு. அந்த நிலைமையில சாதாரண தண்ணி போதும், கரையில ஒரு ஓட்டை விழுந்தா ஆறு பள்ளத்தைப் பாத்து ஓடிடும். ஐ.ஐ.டி. கான்பூர்ல ராஜீவ் சின்ஹா இதை விரிவா எழுதியிருக்காரு, அவரோட பேப்பர்ல இருந்தே ஆரம்பிங்க. கோசி 200 வருஷத்துக்கு மேல மேற்குப் பக்கமா நூறு கிலோமீட்டருக்கு மேல நகர்ந்துதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, பழைய மேப்புகளைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பாத்தவங்க அது ஒரே பக்கமா நகரல, முன்ன பின்ன தாவியிருக்குன்னு சொல்றாங்க. சில மாசத்துல உடைப்பை அடைச்சு ஆத்தைப் பழைய தடத்துக்கே திருப்பி விட்டுட்டாங்க, தரை ஏறுறது மட்டும் நிக்கல. இது எனக்கு ரொம்ப கவலையான விஷயம், ஏன்னா கரையை இன்னும் உசத்தினா பாதுகாப்புன்னு இன்னைக்கும் மேடையில பேசுறாங்க.

இப்படி ஆறு தடம் தாவுறது இப்ப பெரிய ஆராய்ச்சிக் களம். 2022ல சயின்ஸ்ல வந்த ஒரு வேலை, கிட்டத்தட்ட அம்பது வருஷ சாட்டிலைட் படங்களைப் புரட்டி உலகம் பூரா 113 தாவல்களைப் பட்டியல் போட்டுச்சு. 2024ல நேச்சர்ல இன்னொண்ணு, தரை எவ்வளவு ஏறியிருக்கு, புது வழி பழைய வழிய விட எவ்வளவு செங்குத்தா இறங்குது, இந்த ரெண்டும் சேந்துதான் தாவலைத் தீர்மானிக்குது, மலையடிவாரத்துல இருந்து கடற்கரை வரைக்கும் போகப்போக இந்த ரெண்டோட பங்கு மாறுதுன்னு காட்டுச்சு. இந்த இடத்துல உங்க சீனியர் சொன்ன சாட்டிலைட் உண்மையிலேயே ராஜா, ஒரு மனுஷன் ஆயுசுல நேர்ல நாலு தாவல் பாத்தாலே அதிசயம்.

டெல்டா பக்கம் வந்தா கணக்கு இன்னும் கடுமையா இருக்கு. 2005ல ஜேம்ஸ் சிவிட்ஸ்கி குழு போட்ட கணக்கு இது: மனுஷங்க காட்டை அழிச்சு உழுததுல ஆறுகள் சுமக்குற வண்டல் வருஷத்துக்கு 230 கோடி டன் கூடியிருக்கு, ஆனா கடலுக்குப் போய்ச் சேர்றது 140 கோடி டன் குறைஞ்சிருக்கு. நடுவுல எல்லாத்தையும் அணைங்க பிடிச்சு வச்சிருக்கு. 2022ல 414 ஆறுகளை லேண்ட்சாட் சாட்டிலைட் படங்களை வச்சு பாத்த வேலையில, உலகம் முழுக்க கடலுக்குப் போற வண்டல் அணைகளுக்கு முன்ன இருந்ததுல கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு, அந்தக் குறைவு பெரும்பாலும் வடக்குப் பகுதி ஆறுகள்ல, தெற்குப் பகுதியில சுரங்கம், காடழிப்புன்னு 36 சதவீத ஆறுகள்ல கூடியிருக்கு. ஒரு பக்கம் பட்டினி, ஒரு பக்கம் அஜீரணம். டெல்டாங்கறது வருஷா வருஷம் வர்ற வண்டலை நம்பி நிக்கிற நிலம், வரத்து நின்னா அது தானா அமுங்கும், கடல் உள்ள வரும். கிருஷ்ணா, கோதாவரி, மீகாங் எல்லாத்துக்கும் இதே கதை, மீகாங்ல மணல் அள்ளுறதும் சேந்து கரைங்க சரிஞ்சு விழுறதை தனியாவே அளந்திருக்காங்க.

அணைய எடுத்தா என்ன ஆகும்? அதுக்கு ஒரு நிஜப் பரிசோதனை நடந்துச்சு. அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல எல்வா ஆறு, 1913ல ஒண்ணு, 1927ல ஒண்ணுன்னு ரெண்டு அணை, பின்னாடி சுமார் 2.1 கோடி கன மீட்டர் வண்டல். 2011ல இருந்து 2014க்குள்ள ரெண்டையும் படிப்படியா இடிச்சாங்க, லோவர் எல்வா கிளாலம் பழங்குடி மக்கள் சால்மன் மீனுக்காகப் பல காலம் போராடி வாங்குனது அது. அஞ்சு வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு வண்டல் வெளிய கிளம்பிடுச்சு, கிளம்புனதுல 90 சதவீதம் நேரா கடலுக்குப் போய் முகத்துவாரத்துல புதுக் கரை போட்டுச்சு, மீனும் மேல ஏற ஆரம்பிச்சுது. ஆறு இவ்வளவு வேகமா ஜீரணிக்கும்னு பல பேர் எதிர்பாக்கல. இத்தனைக்கும் 1917லயே ஜி.கே. கில்பர்ட் கலிஃபோர்னியா தங்கச் சுரங்கக் கழிவு யூபா, சேக்ரமெண்டோ ஆறுகள்ல அலை மாதிரி கீழ நகர்ந்து போறதை அளந்து எழுதியிருக்காரு. நூறு வருஷத்துக்கு முன்னாடி வந்த அந்த ரிப்போர்ட்டைத் தேடிப் படிங்க, இன்னைக்கு நடக்குற ஆராய்ச்சி மாதிரியே இருக்கும்.

கருவிகள் பத்தி. லைடார்னா மேல இருந்து லேசர் அடிச்சு அளக்குறது, மரத்தை உரிச்சுட்டு தரையைக் காட்டுது. ஸ்வாட்னு ஒரு சாட்டிலைட், நாசாவும் பிரான்ஸ் விண்வெளி நிறுவனமும் சேந்து 2022 டிசம்பர்ல அனுப்புனது, 100 மீட்டருக்கு மேல அகலமான ஆறுகளோட நீர்மட்டத்தையும் சரிவையும் வானத்துல இருந்தே அளக்குது, ரெண்டு நாடு சண்டை போட்டு டேட்டா தராத ஆறுகளுக்கு இது பெரிய வரம். பெரிலியம்-10னு ஒரு முறை இருக்கு, பாறை மேற்பரப்புல விண்வெளிக் கதிர் பட்டு குவார்ட்ஸுக்குள்ள உருவாகுற அணு அது, மலை மெதுவா அரிச்சா மணல்ல அது நிறைய சேரும், வேகமா அரிச்சா கம்மியா இருக்கும், ஆத்து முகப்புல ஒரு பை மணல் அள்ளிட்டு வந்தா அந்தப் படுகை முழுக்க சராசரியா எவ்வளவு வேகமா அரிக்குதுன்னு சொல்லிடலாம். இன்னொண்ணு ஓ.எஸ்.எல்., மணல் கடைசியா எப்ப வெயிலைப் பாத்துச்சுன்னு சொல்ற முறை. வெட்டுன கரையில இரும்புக் குழாயை சுத்தியலால அடிச்சு இறக்கி, ரெண்டு பக்கமும் மூடி, கறுப்பு பிளாஸ்டிக்ல சுத்தி எடுத்துட்டு வரணும், லேப்ல சிவப்பு வெளிச்சத்துலதான் பிரிக்கணும், நடுவுல கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் சாம்பிள் போச்சு.

இந்த மாதிரி முறைகளாலதான் இந்தியாவோட வடமேற்குலயும் பாகிஸ்தான்லயும் கிடக்குற கக்கர்-ஹக்ரா ஆத்துத் தடத்தைப் பத்தின விவாதமே தலைகீழா மாறுச்சு. ஹரப்பா நகரங்கள் ஒரு பெரிய இமயமலை ஆத்தங்கரையில இருந்துச்சு, ஆறு வத்துனதும் நகரம் அழிஞ்சுதுன்னு சொல்லுவாங்க. ராஜஸ்தான்ல ஹரப்பா காலத்து ஊரான காலிபங்கன் பக்கம் ஆழமா துளை போட்டு மணலோட வயசையும், எந்த மலையில இருந்து வந்துச்சுங்கறதையும் பாத்து 2017ல ஒரு குழு சொன்னது, சட்லெஜ் அந்தத் தடத்தை விட்டுப் போயி கிட்டத்தட்ட 8000 வருஷம் ஆச்சு, நகரங்கள் வந்தது அதுக்கு வெகு காலம் பின்னாடி, பெரிய வெள்ள பயம் இல்லாத அந்தக் கைவிடப்பட்ட பள்ளத்தாக்குலதான் அவங்க குடியேறியிருக்காங்கன்னு. 2019ல வேற குழு, 9000 வருஷம் முன்னாடியில இருந்து 4500 வருஷம் முன்னாடி வரைக்கும் அங்க வத்தாத ஆறு ஓடுச்சுன்னு எழுதுச்சு. அரசியல்வாதி பேச்சை விடுங்க, ரெண்டு பக்கமும் மணலை வச்சுத்தான் வாதாடுறாங்க, முடிவும் இன்னும் நிறைய துளை போட்டாத்தான் வரும். இதை எந்த சாட்டிலைட்டும் சொல்லித் தராது, பழைய தடம் எங்க இருக்குன்னு காட்டும், எப்பன்னு காட்டாது.

இன்னொரு பக்கம் நிலநடுக்கக் கருவியை வச்சு ஆத்தைக் கேக்குறது. 2008ல நேபாளத்து திரிசூலி ஆத்துப் பக்கம் வச்சிருந்த கருவிகள்ல இருந்த "இரைச்சல்" ஆத்தோட சத்தம்னு கண்டுபிடிச்சதுல இருந்து இது வளந்துச்சு, தரையில கல்லு உருளுறது வேற அதிர்வு, தண்ணி கொந்தளிக்கிறது வேற அதிர்வு. 2021 பிப்ரவரி 7 உத்தரகாண்ட்ல சமோலியில ரோண்டி சிகரத்துல இருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் விழுந்து 200 பேருக்கு மேல போனாங்களே, அது விழுந்ததையும் பள்ளத்தாக்குல இறங்கி வந்ததையும் ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தோட கருவிகள் பதிவு பண்ணியிருந்துச்சு. அதை உடனுக்குடன் படிக்க ஆள் இருந்தா கீழ அணையில வேலை பாத்தவங்களுக்கு சில நிமிஷமாவது கிடைச்சிருக்கும்னு அந்த டேட்டாவை வச்சு எழுதியிருக்காங்க. அந்த சில நிமிஷத்துக்காக வேலை பாக்குற ஆளுங்கமேல எனக்கு தனி மரியாதை.

சரி, உங்களுக்கு என்ன? கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து படுகைகளோட நீரோட்ட டேட்டா ரகசியப் பட்டியல்ல இருக்கு, மாணவருக்கு வாங்குறது கஷ்டம், தீபகற்ப ஆறுகளோடது இந்தியா-டபிள்யூ.ஆர்.ஐ.எஸ்.ங்கற அரசோட நீர்வளத் தளத்துலயே கிடைக்குது. அதுனால காவிரிய யோசிங்க, அதுலயும் முக்கொம்பு. காவிரியும் கொள்ளிடமும் பிரியுற இடம், கொள்ளிடம் கடலுக்குப் போற வழி செங்குத்து, அதுனால தண்ணி அந்தப் பக்கமே சாஞ்சு காவிரிக் கிளை மேடாகிட்டு இருந்துச்சு, மேல 2024 பேப்பர் சொன்ன அதே தாவல்தான். 1836ல ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டித்தான் அதைத் தடுத்தாரு, தஞ்சாவூர் டெல்டா இன்னைக்கு நெல்லு விளையுறது அந்தத் தடுப்பாலதான். 1934ல மேட்டூர் வந்ததும் மேல இருந்து வர்ற மணலும் நின்னுச்சு. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அந்த மேலணையோட 45 மதகுல 9 அடிச்சிட்டுப் போச்சு, அதே மாசம் திருச்சி பழைய கொள்ளிடம் பாலத்துத் தூணும் இடிஞ்சுது. மணல் அள்ளி ஆத்துத் தரை இறங்குனதுதான் காரணம்னு ஒரு பக்கம், கட்டடத்தோட வயசுதான்னு ஒரு பக்கம். இதை நம்பரோட பிரிச்சு சொல்ல பழைய பாசனத் துறை மட்டக் குறிப்பு, சர்வே ஆஃப் இந்தியா டோபோ ஷீட், 1972ல இருந்து இருக்குற லேண்ட்சாட், இப்போதைய ட்ரோன் சர்வே, கோடையில ஆத்துக்குள்ள குறுக்கு வெட்டு அளவு, இவ்வளவும் ஒரே இடத்துல சேரணும். பைத்தானும் கூகுள் எர்த் எஞ்சினும் வேணும், கத்துக்கோங்க, சீனியர் அந்த அளவுல சரி. ஆனா பாலத்துத் தூணுல பழைய நீர்மட்டக் கோடு எங்க இருக்கு, அஸ்திவாரம் எத்தனை அடி வெளிய தெரியுதுன்னு நேர்ல போய் டேப் பிடிக்காம அந்த தீசிஸை எழுத முடியாது. கைடு கிட்ட பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்க, சைட்டுக்கு மே மாசம் போங்க, வழக்கமா ஜூன் 12 வாக்குல மேட்டூர் திறந்துட்டா அளக்க முடியாது.